கலைமான் என்பது ஓர் இனத்தின் பெயரா?

காட்டுவழி:
பனிநாட்டு மான் (ரெயின்டீர்), கடமான், வெளிமான் எல்லாவற்றையும் கலைமான் என்றே எழுதுகிறார்கள். கிளைத்த கொம்பு உள்ளதுதான் கலை என்பது என் கருத்து. வெளிமானின் கொம்பு கிளைப்பதில்லை, முறுக்கிக்கொண்டு மேலே போகும். அதைக் கலை என்பது பொருந்தாது.

ஏட்டுவாசி:
கொம்பை வைத்துச் சொல்லும் விளக்கம் நிற்காது ஐயா. தொல்காப்பிய மரபியலில், விலங்குகளின் ஆண்பாற் பெயர்களைச் சொல்லும் இடத்தில், ‘இரலையும் கலையும் புல்வாய்க் குரிய’ என்று வருகிறது. புல்வாயை வெளிமான் என்றே பலரும் கொள்கிறார்கள். அப்புறம் உழைமானுக்கும் கலை என்ற பெயர் உண்டு என்று சொல்லிவிட்டு, ‘நிலையிற் றப்பெயர் முசுவின் கண்ணும்’ என்கிறது. முசு குரங்கினம். அதற்கு ஏது கொம்பு? குறுந்தொகை 69இல் ‘கருங்கண் தாக்கலை’ இறந்ததும், மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர் விடுகிறது. அங்கே கலை என்றால் ஆண் குரங்கு. ஆகவே இது ஆணைக் குறிக்கும் சொல், இனப்பெயர் இல்லை.

சொல்லாடி:
ஓவியக்கலை, சிற்பக்கலை என்கிறோமே, அந்தக் கலையிலிருந்து வந்ததோ? மானின் அழகுக்காக?

ஏட்டுவாசி:
இல்லை. அது வடமொழிக் ‘கலா’. ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான்.

காட்டுவழி:
மரபியல் சொல்வது அன்றைய வழக்கு. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் வழங்கியது, இன்று யார் அப்படிச் சொல்கிறார்கள்? அதுபோல இன்று கிளைக்கொம்பைப் பார்த்ததும் ‘கலைமான்’ என்றுதான் வாயில் வருகிறது. மக்கள் வழக்கை ஒதுக்க முடியாது.

ஏட்டுவாசி:
வழக்கு மாறட்டும், குழப்பம் வரக்கூடாது. பனிநாட்டு மானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ‘பெண் கலைமான்’ என்று எழுதினால் ‘பெண் சேவல்’ என்பது போலாகிவிடும். கலித்தொகையில் தலைவன் போன காட்டைப் பற்றி ஒரு காட்சி வருகிறது: நிழல் இல்லாமல் வாடும் பிணைக்குக் கலை ‘தன் நிழலைக் கொடுத்து’ அளிக்கிறது. பிணை பெண், கலை ஆண். அந்த ஜோடி தெரியாதவருக்கு அந்த வரியின் அன்பே எட்டாது. இதை இழக்க எனக்கு மனமில்லை.

காட்டுவழி:
அந்த வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் பனிநாட்டு மானை என்னவென்று எழுதுவது? அதற்கு ஒரு பெயர் வேண்டாமா?

ஏட்டுவாசி:
பனிமான் என்று எழுதலாம். அதில் ஆணைக் கலை, பெண்ணைப் பிணை என்று சொல்லவும் இடம் இருக்கும்.