பார்மசி மாணவர்களின் தொடர் படிப்பு: மதிப்பெண் வைத்தால் பழக்கம் வருமா?

காரைக்குடி ஆசிரியர்:
டி.பார்ம் எனும் மருந்தாளுநர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அருகிலுள்ள மருந்துக்கடைக்குச் சென்று, வாரம் ஓர் ஐயத்தைக் குறித்துவந்து விடை தேடி எழுத வேண்டும், அதற்கு மதிப்பெண் தர வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் முன்மொழிந்திருக்கிறேன். 2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை விதிமுறைகள், மருந்தாளுநராகத் தம் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகளைக் கேட்கின்றன. ஐந்தாண்டில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுந்தால் படிக்கும் பழக்கம் வந்துவிடுமா?

தேவகோட்டை கடைக்காரர்:
நோக்கத்தில் குறையில்லை, ஐயா. வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை. மதிப்பெண் என்றதும் ஒருவர் எழுதியதை வகுப்பே பார்த்து எழுதும். ரெக்கார்டு நோட்டின் கதி தெரிந்ததுதானே. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன நம் ஊர்ப் பிள்ளைகள் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, உதவியாளரான அடுத்தாளாகி, கடைப் பொறுப்பாளரான மேலாளானது எந்தத் தேர்வும் எழுதியா?

சென்ற மழைக்காலத்தில் ஓர் ஆச்சி பழைய மருந்துச் சீட்டை நீட்டி, பேரனுக்குச் சளி என்று குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சொட்டு மருந்தைக் கேட்டார். என் கடைப் பையன் மருந்தை எடுக்காமல், "பேரனுக்கு என்ன வயது ஆச்சி?" என்றான். அந்தக் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று உறையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் வந்த உத்தரவை, கடை திறந்ததும் நான் வாசிக்கச் சொல்லும் அறிவிப்புகளில் அவன் படித்திருந்தான். பேரனுக்கு இரண்டு வயது. மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பினோம்.

காரைக்குடி ஆசிரியர்:
பெட்டியடிப் பையனுக்குத் தேர்வில்லைதான். ஆனால் அவன் எழுதிய கணக்கைப் பார்க்க மேலாள் ஒருவர் இருந்தார். உங்கள் கடையில் நீங்கள் இருக்கிறீர்கள். சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கி, அதற்குரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகளில் யார் வாசிக்கச் சொல்வார்? பாடத்திட்டத்திலுள்ள 500 மணி நேரப் பயிற்சியோ தேர்வெல்லாம் முடிந்த பிறகே வருகிறது. பார்த்து எழுதுவதைத் தடுக்க, நோட்டைத் திருத்தாமல் ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்கலாம்.

சிங்கம்புணரி மருந்தாளுநர்:
பெரியவர்கள் இருவரும் சம்பளத்தைத் தொடவேயில்லை. புதிதாகப் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே சம்பளம். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தர மறுத்தால் கிடைப்பது முதலாளியின் முறைப்பு. நாள் முழுக்க நின்றுவிட்டு வீடு திரும்புகிறவன் எதற்காகப் படிப்பான்? எங்கே தேடுவது, எங்கே தெரிவிப்பது என்று தெரியாததும் ஒரு காரணம். பக்கவிளைவைக் கண்டால் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கும் படிவத்தை, ஒரு முறையேனும் நிரப்பிப் பார்த்த மாணவர் எத்தனை பேர்? மதிப்பெண் தருவதானால் அதற்குத் தாருங்கள்.

தேவகோட்டை கடைக்காரர்:
சம்பளத்தைப் பற்றித் தம்பி சொன்னது சுடுகிறது, மறுக்க முடியவில்லை. மதிப்பெண்ணில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, ஆயினும் வாய்மொழியாகக் கேட்பதானால் நான்கு மாணவர்களை என் கடைக்கு அனுப்புங்கள். சந்தை நாளில் மட்டும் வேண்டாம், ஐயா. அன்று எனக்கே நிற்க இடமிருக்காது.