மறு: பிக்கப் பின்பக்க சஸ்பென்ஷன் – சொற்கள் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

ஏற்காட்டு நண்பர் தன் எஸ்டேட் பிக்கப்பின் பின்பக்க சஸ்பென்ஷனை, அதாவது வண்டியின் உடம்பைச் சக்கரங்களின்மேல் தாங்கும் அமைப்பை, காட்டுப் பாதைக்கு ஏற்றபடி மாற்றப் போகிறார். அந்த வேலையை ஓட்டுநர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதவும் நினைக்கிறார், அதற்குத்தான் சொற்கள் கேட்டார். வந்த பதில்களில் பாதி ‘சஸ்பென்ஷன்’ என்ற ஒரு சொல்லையே சுற்றி வருகின்றன. அதை முதலில் முடித்துவிடுவோம்.

> மொழிபெயர்ப்புச் செயலி ‘இடைநீக்கம்’ என்கிறது. ஏற்கலாமா?

வேண்டாம் ஐயா. ‘பின்புற இடைநீக்கம்’ என்று எழுதினால் யாரையோ பின்வாசல் வழியாக வேலையிலிருந்து நிறுத்திய செய்தி மாதிரி இருக்கும்.

> ‘தொங்கல் அமைப்பு’?

பழைய குதிரைக் கோச்சுகளில் பயணிகள் பெட்டியைத் தோல்வாரில் தொங்கவிட்டிருந்தார்கள், ஆங்கிலப் பெயர் அங்கே பொருந்தியது. பிக்கப்பில் பாரத்தை எஃகுப் பட்டைகள் தாங்கி அச்சின்மேல் இறக்குகின்றன. இன்னொருவர் சொன்ன ‘தாங்கல்’ எனக்குப் பிடித்தது. வேடந்தாங்கலும் மனத்தாங்கலும் நினைவுக்கு வந்தால் வரட்டும். ஆனால் ‘வில்தாங்கல்’ என்று சேர்த்தால் நம் புலவர் ஐயா ‘விற்றாங்கல்’ என்று புணர்த்தாமல் விடமாட்டார், கேட்பவர் வண்டியை விற்றாயிற்றா என்பார். ‘தாங்கமைப்பு’ என்று வைத்துக்கொண்டு நகரலாம். அதுவும் பிடிக்காவிட்டால் சஸ்பென்ஷன் என்றே எழுதுங்கள், குடி முழுகாது.

உள்ளே இருக்கும் உறுப்புகளுக்குத்தான் சரியான பெயர் வேண்டும். ‘சஸ்பென்ஷன் போச்சு’ என்று பட்டறைக்கு வருகிறவர் எதைச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை, பணம் மட்டும் தெளிவாகச் செலவாகிறது.

எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குக்கு ‘இலைவில்’ என்று ஒரு பரிந்துரை. சேலம், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் இலை என்றால் சாப்பாட்டு நேரம் என்று நினைப்பார்கள். அங்கே அது பட்டை. மெயின் பட்டை, பட்டை செட், பட்டை உடைஞ்சுடுச்சு. வில் என்பதும் நமக்குப் புதிதில்லை. இந்தப் பட்டைகளை வைத்துக் கட்டிய மாட்டுவண்டியைத்தான் வில்வண்டி என்றோம். ஸ்பிரிங் என்பது பள்ளிப் பாடநூலில் சுருள்வில். அப்படியானால் முன்பக்கம் சுருள்வில், பின்பக்கம் பட்டைவில். வி-கிராஸ், ஹைலக்ஸ் பிக்கப்கள் இரண்டுக்கும் அப்படியே பொருந்தும். அடியில் தனியாக நிற்கும் தடித்த ஹெல்பரைத் துணைப்பட்டை என்னலாம். வண்டி காலியாக இருக்கும்போது அதற்கு வேலை இல்லை. பாரம் ஏறி மேலே உள்ள பட்டைகள் தாழ்ந்து அதன்மேல் அமர்ந்த பிறகுதான் அதுவும் சேர்ந்து சுமக்கும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ‘அதிர்வுறிஞ்சி’, ‘அதிர்வேற்பி’ இரண்டையும் நான் எதிர்க்கிறேன். ரோட்டிலிருந்து வரும் அடியை ஏற்பது பட்டைவில். ஏற்றதை அது வைத்துக்கொள்ளாது, திருப்பி உதைக்கும். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் வண்டி ஒரு பள்ளத்துக்குப் பல முறை எழும்பி விழும். அந்தக் குதிப்பை அடக்கத்தான் ஷாக் அப்சார்பர். பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. பிரிட்டனில் இதை டாம்பர் என்பார்கள், அதாவது தணிப்பது. நாமும் ‘தணிப்பான்’ என்போம்.

இப்படிப் பெயரிட்டால் மற்ற விளக்கங்களும் எளிதாகிவிடும். கல்லுப் பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி நுரைக்கிறது, அப்போது தணிப்பு குறைகிறது. நைட்ரஜனை அழுத்தி நிரப்பிய வகை அந்த நுரையைக் கட்டுப்படுத்தத்தான். ‘உறிஞ்சி’ என்று வைத்தால் உறிஞ்சியது எங்கே போயிற்று என்று வேறு விளக்க வேண்டும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் பணமும் போகிறது. காலி பிக்கப்பின் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். ‘ஷாக்’ போய்விட்டது என்று புதிது வாங்கி மாட்டுவார்கள். முழுப் பாரத்துக்குக் கணக்குப் போட்டு அடுக்கிய பட்டை செட் காலி வண்டிக்கு விறைப்பாகத்தான் இருக்கும். நல்ல தணிப்பான் போட்டால் துள்ளிய பிறகு ஆடுவது நிற்கும், முதல் அடி குறையாது. அதே வண்டியில் ‘சஸ்பென்ஷனை பலப்படுத்துகிறேன்’ என்று இன்னொரு பட்டையையும் சொருகினால் கேட்கவே வேண்டாம்.

– சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து

* * *

அண்ணா, வணக்கம்.

பட்டைவில், துணைப்பட்டை, தணிப்பான் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். நான் கேட்ட முக்கியமான சொல்லை மட்டும் எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்: ஆர்ட்டிகுலேஷன்.

சேலத்திலிருந்து ஏறி வரும் 20 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு, அங்கே இது தேவையில்லை. எஸ்டேட்டுக்குள் வந்து பாருங்கள். மழை அறுத்த தடத்தில் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கும், வலது சக்கரம் பாறைமேல் ஏறும். பின் அச்சு முழுதும் ஒரே துண்டு, ஆகவே வண்டிக்குக் கீழே அது ஒரு பக்கமாகச் சாய வேண்டும். பட்டை விறைப்பாக இருந்தால் அச்சு சாயாது, ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றுவிடும். இன்ஜின் பலத்தைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். காற்றில் நிற்கும் சக்கரம் தடையில்லாமல் சுற்றும், தரையில் இருப்பதற்கும் தள்ளும் பலம் கிடைக்காது. காப்பி மூட்டையோடு அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

அச்சு எந்த அளவுக்கு இப்படிச் சாய முடியும் என்பதற்கு ‘அச்சாட்டம்’ என்று எழுதலாமா?

இன்னொன்று. பிரேக் குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பாரம் உண்டு என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்திருந்தால் குறைக்கும். பட்டையை மாற்றி வண்டியை உயர்த்திவிட்டு இதன் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், மூட்டை ஏற்றிய வண்டியையும் காலி என்று நினைத்துக்கொள்ளும். அப்படியே மலை இறங்க எனக்குத் துணிவு இல்லை. இதற்கும் ஒரு பெயர் கொடுங்கள்.

* * *

தம்பிக்கு,

‘அச்சாட்டம்’ வேண்டாம். பட்டறையில் ஆட்டம் என்றால் தேய்மானம். புஷ்ஷில் ஆட்டம், பேரிங்கில் ஆட்டம். ‘அச்சாட்டம் கூடுதலாக உள்ள வண்டி’ என்று எழுதினால் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். உங்கள் கடிதத்திலேயே சொல் இருக்கிறது, சாய்கிறது என்றுதானே எழுதினீர்கள்? ‘அச்சுச்சாய்வு’ என்போம். வளைவில் வண்டியின் உடம்பு சாய்வது வேறு, அதை உடற்சாய்வு என்று பிரித்துவிடலாம். வால்வுக்குப் ‘பாரமறி வால்வு’. வால்வை வால்வாகவே விட்டிருக்கிறேன், புலவர் ஐயா மன்னிக்க.

பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளுக்கு ‘ஊசற்கண்ணி’ என்று ஒரு தனிமடல் வந்தது. பட்டை தட்டையாகும்போது நீளும், அதற்கு இடம்கொடுத்து ஊசலாடுவதால் பொருத்தமான பெயர்தான். ஆனால் சேலத்தில் எந்த உதிரிபாகக் கடையில் கேட்டாலும் ஷேக்கிள் என்றுதான் கேட்க வேண்டும். முதல் முறை மட்டும் இரண்டையும் எழுதுங்கள்.

வேலையைப் பற்றியும் கொஞ்சம். நீள ஷேக்கிள் போட்டால் கூட்டிய நீளத்தில் பாதிதான் வண்டி உயரும்: 2 அங்குலத்துக்கு 1 அங்குலம். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்தால் வைத்த அளவு உயரும். ஆனால் பட்டையிலிருந்து அச்சு விலகிப் போவதால் மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அச்சு முறுக்கிக்கொள்ளும், பட்டை நெளியும். அதற்கு ‘அச்சுமுறுக்கல்’ என்று எழுதினால் போதும். பழைய பட்டையைக் காய்ச்சி அடித்து வளைவு கூட்டுகிறவர்களும் உண்டு. முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் அது மறுபடி தாழ்ந்துவிடும்.

உங்களுக்கு அச்சுச்சாய்வும் வேண்டும், மூட்டையும் ஏற்ற வேண்டும். மேலே மெல்லிய பட்டைகளாக ஒரு செட், கீழே பலமான துணைப்பட்டை, புதிய உயரத்துக்குத் தகுந்த நீளமுள்ள தணிப்பான். நான் இப்படித்தான் போவேன். பழைய தணிப்பானையே விட்டால் சக்கரம் கீழே இறங்கும்போது அதுதான் முதலில் இழுபட்டு நிற்கும், அதைப் பிடித்திருக்கும் தாங்கி உடையும். பிரேக் ஹோஸ் நீளத்தையும் பார்த்துவிடுங்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. உயர்த்துவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கட்டுரையிலும் அதை ஒரு வரி எழுதுங்கள்.

பம்ப் ஸ்டாப் மிச்சம் இருக்கிறது. அச்சு மேலே ஏறி சேஸிஸில் மோதாமல் முட்டி நிறுத்துவது அது. ‘முட்டு ரப்பர்’ என்று எழுதிவிடுங்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதட்டும், தம்பி திங்கட்கிழமை பட்டையைக் கழற்றுகிறாராம்.