5 ரூபாய் பிராக்கேஜ்: மின்ட்டில் விழுந்ததா, வைஸில் நசுக்கியதா?

மயிலைக்காசு:
பழைய கனமான செப்பு நிக்கல் 5 ரூபாய். ஒரு பக்கம் சிங்கம் வழக்கம்போல மேடாக இருக்கு. '5' இருக்க வேண்டிய பக்கத்திலும் சிங்கம்தான், ஆனா குழிவாக, எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பி. எடை 8.97 கிராம். பிராக்கேஜ்னு, அதாவது மின்ட்டில் (நாணயச்சாலையில்) இன்னொரு காசின் படம் பதிந்துவிட்ட பிழைக்காசுன்னு, 3,500 ரூபாய் சொல்றாங்க. எழுத்து திரும்பியிருந்தாலே அசல்தானே?

செப்புச்சல்லி:
இல்லை சார். ரெண்டு காசை வைஸில் (பட்டறை இடுக்கியில்) வைத்து நெருக்கினாலும் எழுத்து திரும்பித்தான் விழும், குழிவாகத்தான் விழும். அந்தக் குழிக்கு அடியில் என்ன இருக்குன்னு பாருங்க.

மின்ட்டில், அடித்த காசு வெளியேறாமல் '5' டையிலேயே (படம் பதிக்கும் அச்சிலேயே) ஒட்டிக்கொள்ளும். அடுத்த பிளாங்க் (படம் பதியாத வெறும் வட்டு) வந்ததும் ஒட்டிய காசே டை வேலை செய்யும். புது பிளாங்க் மேல் '5' டை படவே படாது. அதனால் 10 மடங்கு லென்ஸில், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்க. '5'-இன் வளைவு நிழலாட்டம் தெரிந்தாலும் வைஸ் வேலைதான்.

அடுத்து மேடான பக்கம். வைஸின் தாடை பட்டு சிங்கத்தின் முகம் சப்பையாகியிருக்கும். விவரமான ஆள் நடுவில் தோலோ மரமோ வைத்து இதை மறைத்துவிடுவான். அப்போ விட்டம் அளக்க வெர்னியர் அளவுகோல் எடுங்க. மின்ட்டில் காலர் (காசைச் சுற்றி நிற்கும் வளையம்) பிடித்திருப்பதால் 23 மி.மீ. தாண்டாது. வைஸில் காலர் கிடையாது, காசு பிதுங்கும்.

படம் மங்கலாக இருக்குன்னு மட்டும் தள்ளிடாதீங்க. ஒட்டிய காசு அடி வாங்க வாங்க மெலிந்து விரியும், பிந்தின அடிகளில் சிங்கம் பெரிதாகி மங்கித்தான் விழும். எடையும் இங்கே உதவாது. வைஸ் உலோகத்தைக் குறைக்காதே! 9 கிராம் காசு 8.97 காட்டுவது ரெண்டுக்கும் பொருந்தும்.

மயிலைக்காசு:
பார்த்தேன். '5'-இன் வயிறு தெரியுது, விட்டம் 23.4. வேண்டாம்னு சொல்லிட்டேன். அதே இடத்தில் ஓரம் வெட்டுப்பட்ட 1 ரூபாயும், நடு இல்லாத 10 ரூபாய் வளையமும் இருக்கு.

எழும்பூர் வாசகன்:
வளையத்தின் உள்சுவரைப் பாருங்க. அடிக்கும் அழுத்தத்தில் வளையமும் நடுவட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அடித்தபின் தட்டி எடுத்தால் கவ்விய இடம் கிழிந்து, கீறலோடு நிற்கும். நடு இல்லாமலே அடிபட்ட வளையத்தில் உலோகம் ஓட்டைக்குள் பிதுங்கி, உள்ளோரம் மழுங்கி வளைந்திருக்கும். நடுவட்டைத் தட்டி, திருப்பி மாட்டி 'டை ரொட்டேஷன்' (முன்பக்கத்துக்குப் பின்பக்கம் திரும்பி விழுந்த பிழை) என்று விற்பதும் உண்டு. வளையத்தில் முன்பின் எழுத்து நேராக இருந்து நடு மட்டும் திரும்பியிருந்தால் சந்தேகப்படுங்க.

1 ரூபாயில், வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மெலிந்திருக்கணும். பிளாங்க்குக்கு விளிம்பு கட்டும்போது வெட்டுப் பக்கம் அழுத்தம் கிடைக்காது, எதிர்ப் பக்கமும் சேர்ந்து தளர்ந்துவிடும்.

செப்புச்சல்லி:
அதை மட்டும் நம்பாதீங்க, சின்ன வெட்டில் எதிர் விளிம்பு நன்றாகவே இருக்கலாம். வெட்டை ஒட்டிய எழுத்துதான் எனக்கு முக்கியம். அடிபடும்போது உலோகம் காலியிடத்தை நோக்கி ஓடும், எழுத்து அந்தப் பக்கம் இழுபட்டு மங்கும். எழுத்து முழு உயரத்தில் இருக்கும்போதே கத்தரித்தாற்போல் அறுந்திருந்தால் அரம் அல்லது கத்திரி. வெட்டுமுகத்தில் ஒரே திசையில் ஓடும் கோடுகளும் தெரியும்.

லென்ஸ், 0.01 கிராம் தராசு ரெண்டும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். தராசோடு சோதனை எடைக்கல் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.