முக்திநாத் போகலாமா, வேண்டாமா

குழு: கிணற்றடி வீடு

வசந்தா: நேபாளத்து முக்திநாத் கோயிலுக்கு வருகிறவர்கள் இன்று ராத்திரிக்குள் வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ படம் எடுத்து அனுப்புங்கள். ஆதார் வேண்டாம், நேபாள விமானத்துக்கு அது பொதுவாகச் செல்லாது. மூன்றாவது தடவை சொல்கிறேன்.

லலிதா: அண்ணி, இதைப் பார்த்தீர்களா?

லலிதா: (வீடியோ) நேபாளத்தில் மீண்டும் ராஜா ஆட்சி!! எல்லை மூடல்!! உடனே பகிரவும்!!

முரளி: நான் அப்போதே சொன்னேன், திருப்பதியே போதும் என்று.

கார்த்திக்: அத்தை, இது 2025 மார்ச் வீடியோ. பழைய ராஜா ஞானேந்திரா போக்ராவிலிருந்து காத்மாண்டு வந்து இறங்கியபோது கூடிய கூட்டம்.

லலிதா: இவ்வளவு பேர் வரவேற்கிறார்களே, அப்புறம் எதற்கு அவரை விரட்டினார்கள்?

சுதா: சித்தி, அப்பா ஆன்லைனில் இருக்கிறார். ஏன் கேட்டீர்கள் 🙈

ரங்கநாதன்: நல்ல கேள்வி லலிதா. 1990-லேயே ஜனங்கள் தெருவுக்கு வந்து, ராஜா பீரேந்திராவிடம் பல கட்சி ஆட்சியை வாங்கிவிட்டார்கள். ஆனால் பட்டாளம் அரண்மனை பக்கமே நின்றது. கட்சிகளோ ஒன்றை ஒன்று கவிழ்ப்பதிலேயே இருந்தன. மேற்கே ரோல்பா, ருகும் மலைப்பக்கம் ரோடும் இல்லை, வேலையும் இல்லை. 1996 பிப்ரவரியில் மாவோயிஸ்டுகள் சண்டையை ஆரம்பித்தது அங்கேதான்.

வசந்தா: அண்ணா, உங்கள் அட்டை?

ரங்கநாதன்: அனுப்புகிறேன், இரு. நேபாள ராஜா என்றால் விஷ்ணு அவதாரம் என்று கும்பிட்ட ஊர் அது. 2001 ஜூன் 1 ராத்திரி அரண்மனைக்குள்ளேயே பீரேந்திரா குடும்பத்தோடு சுடப்பட்டார். சுட்டது பட்டத்து இளவரசர் தீபேந்திராதான் என்று விசாரணை சொன்னது. அவரே நினைவில்லாமல் படுத்த படுக்கையில் மூன்று நாள் ராஜா! அவரும் போன பிறகு சித்தப்பா ஞானேந்திராவுக்குப் பட்டம். விசாரணை சொன்னதை ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. கும்பிட்ட கை அன்றைக்கே கொஞ்சம் இறங்கிவிட்டது.

லலிதா: சித்தப்பாக்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

முரளி: லலிதா 😡

முரளி: அண்ணா, இத்தனை கதை எதற்கு? மாவோயிஸ்டு துப்பாக்கி எடுத்தான், ராஜா ஓடினார்.

ரங்கநாதன்: அதுதான் தப்பு. பத்து வருஷம் சுட்டும் அவர்களால் காத்மாண்டுவைப் பிடிக்க முடியவில்லை. ராஜாவைக் கெடுத்தது ராஜாவேதான். 2005 பிப்ரவரி 1-ல் மந்திரிசபையைக் கலைத்து, தலைவர்களை வீட்டுக்காவலில் வைத்து, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். டெலிபோன், இன்டர்நெட் எல்லாம் கட்.

சுதா: நம் குழுவுக்கும் ஒரு நாள் அப்படிச் செய்யலாம்.

ரங்கநாதன்: அதுவரை அவரோடு சமரசமாகப் போகலாம் என்றிருந்த கட்சிகளுக்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று. ஏழு கட்சிகளும் சேர்ந்து, அந்த நவம்பரில் டெல்லியில் மாவோயிஸ்டுகளோடு பேசி, ராஜாவின் தனி ஆட்சியை முடிக்க 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தன.

சுதா: ஏழு கட்சி ஒரு தாளுக்கு வந்துவிட்டது. நம் வீட்டில் மூன்று பேர் கிணற்றுப் பங்குக்கு இன்னும் வரவில்லை.

வசந்தா: சுதா, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

முரளி: ஏன் வேண்டாம்? யார் கையெழுத்துப் போடவில்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

ரங்கநாதன்: 2006 ஏப்ரல் 6. நான்கு நாள் பந்த் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஊருக்குள் ஊரடங்கு, அதனால் கூட்டம் ரிங் ரோடு பக்கம் திரண்டது. டாக்டர், வக்கீல், கடைசியில் அரசாங்க ஊழியர்களே வந்துவிட்டார்கள். 19 நாள். பிரதமரை நீங்களே சொல்லுங்கள் என்று ராஜா நடுவில் இறங்கி வந்தார், ஜனம் கேட்கவில்லை. 24-ஆம் தேதி நடுராத்திரி டிவியில் வந்து, முன்பு கலைக்கப்பட்ட பார்லிமென்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கார்த்திக்: மாமா, அப்போதே அரண்மனையைக் காலி செய்துவிட்டாரா?

ரங்கநாதன்: இல்லை. முதலில் அதிகாரம் போயிற்று. 2008 மே 28-ல் அரசியல் நிர்ணய சபையில் ஆதரவு 560, எதிர்ப்பு 4 ஓட்டு என்று குடியரசு. 240 வருஷ ஷா வம்சம்! ஜூனில் நாராயண்ஹிட்டி அரண்மனையை விட்டு வெளியே வந்தார். இப்போது அது மியூசியம்.

முரளி: மியூசியம் என்றால் நான் வருகிறேன்.

வசந்தா: திருப்பதி வேன் பாக்கியைக் கொடுத்துவிட்டு வா.

லலிதா: 2025 செப்டம்பரில் அரசாங்கத் தலைமைச் செயலகம் சிங்க தர்பாரையே எரித்தார்களே, அது ராஜாவுக்காகவா?

கார்த்திக்: இல்லை அத்தை. சோஷியல் மீடியாவைத் தடை செய்தார்கள், ஊழல் கோபமும் சேர்ந்தது. பையன்கள் ஆரம்பித்தது, அது வேறு கதை.

ரங்கநாதன்: வேறு கதை இல்லை கார்த்திக். அதற்கு 2008-இலிருந்து வரவேண்டும்

சுதா: அப்பா 🙏

லலிதா: முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலே என்கிறார்கள். என் முட்டிக்கு ஆகுமா? குதிரை உண்டா?

வசந்தா: கேட்டுச் சொல்கிறேன். இதுவரை இரண்டு அட்டைதான் வந்திருக்கிறது.

ரங்கநாதன்: (படம்)

கார்த்திக்: மாமா, இது ஆதார்.