காலையில் செத்துக் கிடக்கும் டெஸ்க்டாப், கொஞ்ச நேரம் கழித்து அமுக்கினால் ஆன் ஆகிறது. மதர்போர்டு போச்சா?

காலடிப்பேட்டை டிடிபி:
வணக்கம். வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன், கல்யாணப் பத்திரிகை, பேனர், பில் புக் மாதிரி. சிஸ்டம் 4ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) கேபினெட்டோடு வந்ததுதான், மேலே 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

காலையில் பவர் பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடப்பதில்லை. ஃபேன் சுற்றாது, பீப் வராது. சில நாள் ஃபேன் அரைச் சுற்று துள்ளிவிட்டு நின்றுவிடும். கேபினெட் மூடியைத் திறந்து பார்த்தால் போர்டில் இருக்கும் பச்சை லைட் ஒரே சீராக எரியாமல் மங்கலாக மினுக்கிக்கொண்டிருக்கிறது. சுவிட்சை ஆனிலேயே விட்டுவிட்டு, குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து அமுக்கினால் எதுவுமே நடக்காத மாதிரி ஆன் ஆகிவிடுகிறது, அப்புறம் ராத்திரி வரை ஒரு தடங்கலும் இல்லை, ஹேங் கூட ஆவதில்லை. படுக்கப் போகும்போது சுவிட்ச் போர்டிலேயே ஆஃப் செய்துவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். போர்டு போச்சு, புதுசு இந்த மாடலுக்கு வராது, பழைய போர்டு போட்டால் 4,500 ஆகும் என்கிறார். ஆவணி முகூர்த்த வேலையெல்லாம் கையில் இருக்கிறது, கொடுத்துத் தொலைக்கலாமா என்று பார்க்கிறேன். இன்னொன்று, செருப்பு இல்லாமல் நின்று கேபினெட்டைத் தொட்டால் லேசாக சுர்ரென்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உப்புக்காத்து:
சார், காசு கொடுப்பதற்கு முன்னால் ராமைக் கழற்றி அதன் தங்கநிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் உப்புக்காற்று படும் நம் பக்கத்துச் சிஸ்டங்களுக்கு இதுதான் முதல் வைத்தியம். பின்பக்க யூஎஸ்பி போர்ட்டின் தகரத்தைப் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். தேய்த்த தூள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது, வெளியே வைத்துத் தேய்த்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். கையோடு போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

சால்டரிங் அயர்ன்:
ரப்பர் போடுவதில் தப்பில்லை, ஆனால் இவர் சொல்கிற அறிகுறி ராம் மாதிரித் தெரியவில்லை. ராம் உட்காரவில்லை என்றால் ஃபேன் சுற்றும், டிஸ்பிளே மட்டும் வராது, ஸ்பீக்கர் இருந்தால் பீப் அடிக்கும், சில போர்டில் ஆன் ஆகி ஆஃப் ஆகித் திரும்ப ஆன் ஆகிக்கொண்டே இருக்கும். சிஆர்2032 தீர்ந்தால் தேதி நேரம் அழியும். அதனால் ஆன் ஆகாத போர்டுகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது டிபன் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தானாகச் சரியாகாது.

காலடிப்பேட்டை அண்ணே, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ராத்திரி கரண்டை மொத்தமாக நிறுத்துகிறீர்கள், காலையில் வராது, கொஞ்ச நேரம் கரண்டில் இருந்தால் வரும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஸ்டாண்ட்பை என்று தனியாக ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. சிஸ்டம் ஆஃப் ஆக இருந்தாலும் அது மட்டும் ராத்திரி வாட்ச்மேன் மாதிரி முழித்துக்கொண்டு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பட்டனை அமுக்கியது போர்டுக்குத் தெரிவதே அந்த 5 வோல்ட்டால்தான். அதில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (கரண்டைச் சேர்த்து வைத்துச் சீராகக் கொடுக்கும் சின்ன உருளைகள்) வருஷக்கணக்கில் சூட்டில் இருந்து உள்ளே உலர்ந்துவிட்டால், ஆறிக் கிடக்கும்போது வேலை செய்யாது, கரண்டு ஓடி லேசாகச் சூடானதும் ஓரளவு செய்யும். மினுக்குகிற பச்சை லைட்டும் அதைத்தான் சொல்கிறது.

செலவில்லாத சோதனை: இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் விண்டோஸை ஷட்டவுன் செய்துவிட்டு, சுவிட்ச் போர்டில் ஆஃப் செய்யாமல் படுங்கள். காலையில் முதல் அமுக்கிலேயே ஆன் ஆனால் பாதி சந்தேகம் தீர்ந்தது.

மீதிக்கு மல்டிமீட்டர் வேண்டும். போர்டில் மாட்டியிருக்கும் 24 பின் கனெக்டரில் ஊதா ஒயர் ஒன்றுதான் இருக்கும், 9ஆம் பின். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைக் கேபினெட் தகரத்திலும் சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கம் வழியாக ஊதா ஒயரிலும் தொடுங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். முக்கியமான விஷயம், கனெக்டரைப் பிடுங்கிவிட்டுப் பார்க்காதீர்கள். லோடு இல்லாவிட்டால் சாகிற எஸ்எம்பிஎஸ்ஸும் 5 காட்டி ஏமாற்றும். பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று பலர் சொல்வார்கள். ஃபேன் சுற்றுவதற்கு ஆகும் கரண்டு ரொம்பக் குறைவு, அதை வைத்து நல்லது என்று முடிவு கட்ட முடியாது.

வண்ணை லேத்:
கடைக்காரரைச் சும்மா திட்ட வேண்டாம். அவர் கடைக்கு மதியம் கொண்டுபோயிருப்பீர்கள், அவரும் பட்டறையில் ரொம்ப நேரம் கரண்டில் வைத்துப் பார்த்திருப்பார், சில நேரம் ஆன் ஆகும் சில நேரம் ஆகாது என்றால் போர்டு என்றுதான் தோன்றும். ஆனாலும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்க்காமல் போர்டு போச்சு என்பது அநியாயம், கடையில் பத்து கிடக்குமே. போர்டை ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர் எதுவும் தலை உப்பியிருக்கிறதா என்று. 4ஆம் தலைமுறை போர்டு என்றால் பெரும்பாலும் சாலிட் கெப்பாசிட்டர்தான், உப்பாது.

காலடிப்பேட்டை டிடிபி:
ராம் ரப்பர் போட்டேன், மாற்றம் இல்லை. ராத்திரி சுவிட்சை ஆஃப் செய்யாமல் விட்டேன், காலையில் தொட்டதும் வந்துவிட்டது! மறுநாள் பழையபடி ஆஃப் செய்துவிட்டு, காலையில் எலக்ட்ரீஷியன் தம்பியிடம் மீட்டர் வாங்கி ஊதா ஒயரில் பார்த்தேன். சுவிட்ச் போட்டதும் 3.9, அதுவும் நிற்காமல் ஆடுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் மெதுவாக ஏறி 4.8 பக்கம் வந்து நின்றது. அமுக்கினேன், ஆன் ஆகிவிட்டது. பச்சை லைட்டும் அப்போதுதான் பளிச்சென்று ஆனது. இனி அந்த கெப்பாசிட்டரை மட்டும் மாற்றலாமா, இல்லை சுவிட்சை ஆஃப் செய்யாமலே ஓட்டலாமா?

சால்டரிங் அயர்ன்:
ஓட்டாதீர்கள். உலர்ந்தது இன்னும் உலரும். சில சர்க்யூட்டில் ஸ்டாண்ட்பையை அளவில் வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர் போனால் வோல்டேஜ் குறைவதற்குப் பதில் ஏறிவிடும், அப்போது நிஜமாகவே போர்டு போகும்.

கெப்பாசிட்டர் மாற்றுவது எனக்குச் சின்ன வேலை, பழக்கமில்லாதவருக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். தெரிந்த ரேடியோ மெக்கானிக் இருந்தால் 105 டிகிரி சூடு தாங்கும் என்று போட்ட, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைவான) கெப்பாசிட்டராகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் புது எஸ்எம்பிஎஸ். உங்கள் பிராசஸர் 84 வாட்ஸ், கிராபிக்ஸ் கார்டும் இல்லை, உண்மையான 400 வாட்ஸே தாராளம். கையில் தூக்கிப் பாருங்கள், பேப்பர் மாதிரி லேசாக இருந்தால் ஸ்டிக்கரில் என்ன போட்டிருந்தாலும் வாங்காதீர்கள். 80 பிளஸ் முத்திரையும் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) வாரண்டியும் உள்ளதாகக் கேளுங்கள். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு நீங்கள் மெட்ரோ மாறக்கூட வேண்டாம், காலடிப்பேட்டையில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கையோடு கொண்டுபோங்கள், பிராசஸருக்குப் போகும் கனெக்டர் 4 பின்னா 8 பின்னா என்பதில் குழப்பம் வராது.

வண்ணை லேத்:
அந்த சுர்ரென்கிற விஷயத்தை யாரும் தொடவில்லையே. அது தனிப் பிரச்சினை அண்ணே, எஸ்எம்பிஎஸ் மாற்றினாலும் போகாது. பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்ஸில் பேஸில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சின்ன கெப்பாசிட்டர் போகும், இரைச்சலை எர்த்தில் இறக்குவதற்காக. எர்த் இல்லாத வீட்டில் அது இறங்க வழியில்லாமல் கேபினெட் கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்டு ரொம்பக் குறைவு என்பதால் சுர்ரோடு போகிறது. நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டைக்கு ஒயரே போயிருக்காது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் முறையாக எர்த் குழி போட்டு ஒயர் இழுக்க வேண்டும். சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு "எர்த் ரெடி" என்பார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் அந்தத் துண்டு ஒயர் வழியாக முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வந்துவிடும்.