புதுக்கோட்டை வீடு (குடும்பக் குழு)

ஞாயிறு, 13 அக்டோபர் 2024

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அப்பாவோட தலைத்திவசம். மண்டபமெல்லாம் வேண்டாம், வீட்டோட சாமி கும்பிட்டு நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் சாப்பாடு போதும்னு அம்மா சொல்லிட்டாங்க. மண்டபத்துக்குன்னு எடுத்து வச்ச 60,000 ரூபாய, மனநோய்க்கு வைத்தியம் பாக்கிற சென்னை ஸ்கார்ஃப் அமைப்புக்குக் கொடுக்கலாம்னு எனக்கும் முருகேசனுக்கும் எண்ணம். யாராச்சும் சேர்ந்துக்கிட்டா சந்தோஷம். கட்டாயம் இல்ல.

வசந்தா சித்தி: ஸ்கார்ஃப்னா நம்ம பக்கம் பஸ் விட்டாங்களே, அவங்களா செல்வி

செல்வி: அவங்களேதான் சித்தி. 2010-ல புதுக்கோட்டை மாவட்டத்துல ஆரம்பிச்சாங்க. பஸ்ஸுக்குள்ள ஒரு திரை, அந்தப் பக்கம் சென்னையில டாக்டர். பேசி முடிச்சதும் மாத்திரையும் பஸ்லயே கிடைக்கும், காசு இல்லாம. அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மணிச் சித்தப்பாவ வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாங்களே.

ராஜாத்தி அத்தை: அண்ணன் பேருல அன்னதானம் பண்ணுனாத்தான் அது புண்ணியம். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில ஒரு நாள் சாப்பாடு போட்டுட்டுப் போயிரலாம். போட்டோவும் எடுத்துக்கலாம்

செல்வி: அது அரசாங்க ஆஸ்பத்திரி அத்தை. அங்க சாப்பாடு அரசாங்கமே கொடுக்குது. இது தனியார் அறக்கட்டளை, யாராச்சும் கொடுத்தாத்தான் ஓடும். ஆனா ரெண்டுக்கும் தொடர்பு உண்டு. கீழ்ப்பாக்கத்துல 1961-லேர்ந்து 1978 வரைக்கும் கண்காணிப்பாளரா இருந்த சாரதா மேனன் அம்மாதான் ஓய்வுக்கு அப்புறம் 1984-ல இத ஆரம்பிச்சாங்க. பத்மபூஷண் வாங்கினவங்க. 2021-ல தவறிட்டாங்க.

வசந்தா சித்தி: பீரோவுல மாமாவோட வேட்டி சட்டை நெறைய கெடக்கே, அதையும் கொடுத்துடலாமா

செல்வி: கேக்காமக் கொண்டுபோய் இறக்கக் கூடாது சித்தி. பிரிச்சு அடுக்க அவங்களுக்கு ஆள் வேணும். போன் பண்ணிக் கேட்டுட்டுச் சொல்றேன்.

பிரபு: ஆடிட்டர் வேலைய இங்கயும் பாத்துடறேன் 😀 வருமான வரியில கழிச்சுக்க 80ஜி ரசீது வரும். ஆனா பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான் பிரயோஜனம், புது முறையில ஒண்ணும் கழியாது. இந்த மாதிரி அறக்கட்டளைக்குக் கொடுத்தா பொதுவா பாதித் தொகைதான் கழியும். ரொக்கமா 2,000-க்கு மேல கொடுத்தா அதுவும் கிடையாது, அதனால பேங்க் வழியாவே போடுங்க. சித்தி, சாரி, என் அம்மாவ அம்மான்னுதான் கூப்பிடணும், எல்லாரும் சித்தின்னு சொல்லிக் கேட்ட பழக்கதோஷம்: வேட்டி சட்டைக்கு வரிக்கழிவு கிடையாதும்மா.

வசந்தா சித்தி: நான் கேட்டனாடா

அனிதா: நியூஜெர்சி ஆஜர். நான் 500 டாலர் தர்றேன். பிரபு, உன் கணக்குல போட்டுடவா? நீயே சேர்த்து அனுப்பிடு

பிரபு: வேண்டாம்க்கா. நீ அமெரிக்கப் பாஸ்போர்ட், உன் காசு வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ-ல, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல, பதிவு பண்ணின அமைப்புதான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில இருக்கிற கணக்குலதான் விழணும். என் கணக்கு வழியாச் சுத்தி விட்டா அவங்களுக்குத்தான் தலைவலி. அவங்க ஆபீஸுக்கு நேரா மெயில் போட்டு, வாங்க முடியுமா, எந்தக் கணக்குன்னு கேளு. முருகேசண்ணே சிங்கப்பூர்ல இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட், அவர் சாதாரணமாவே அனுப்பலாம்.

முருகேசன்: நல்லவேளை பாஸ்போர்ட்ட மாத்தல. அக்கா ஒரு சந்தேகம். அங்க ஆராய்ச்சின்னு ஒரு பக்கம் இருக்குல்ல. நம்ம காச வைத்தியத்துக்கு மட்டும்னு எழுதிக் கொடுத்துடலாமா? பேப்பர் எழுதுறதுக்கு நாம எதுக்குக் கொடுக்கணும்

செல்வி: நானும் அப்படித்தான் நெனச்சேன்டா, அந்த 90 பேர் கதையக் கேக்கிற வரைக்கும். ஸ்கார்ஃப் வர்றதுக்கு முன்னாடியே, 1981-லேர்ந்து, சென்னையில முதல் தடவையா மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்த 90 பேர எடுத்து வருஷக்கணக்கா விடாம பாத்துக்கிட்டே வந்தாங்க. ஸ்கார்ஃப் டாக்டர் தாரா முன்ன நின்னு செஞ்சது. பத்து வருஷம் கழிச்சு, இருபது வருஷம் கழிச்சு, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுன்னு. யாரு வேலைக்குப் போறா, யாருக்குக் கல்யாணம் ஆச்சு, யாரு இல்லாமப் போயிட்டா, எல்லாம் கணக்குல இருக்கு. வாடகை வீடு மாறுனவங்களைத் தேடிப் புடிக்கிறது சும்மாவா? பத்து வருஷம் முடியறப்ப பாதிக்கு மேல நல்லா இருந்தாங்க. இந்த நோய் வந்தா ஆயுசுக்கும் அவ்வளவுதான்னு அப்பாகிட்ட எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க. அப்படி இல்லன்னு சொல்ல ஒரு கணக்கு வேணும்ல. அவங்களைத் தேடித் தெருத்தெருவா அலைஞ்ச ஆளோட சம்பளத்துக்கு எவனும் கல்வெட்டு வைக்க மாட்டான்.

முருகேசன்: சரி சரி. பொதுவாவே கொடுத்துடலாம்

பிரபு: கார்பஸ்னு எழுதிக் கொடுத்தா அசல் அப்படியே இருக்கும், வட்டிதான் செலவாகும். பெரிய தொகைன்னா அது நல்லது. 60,000-க்கு வர்ற வட்டிய வச்சு என்ன ஆகும்? பொதுச் செலவுக்கே கொடுங்க. முடிஞ்சவங்க ஒரே தடவையா இல்லாம மாசாமாசம் போடுங்க. சம்பளமும் மருந்தும் மாசாமாசம்தானே வருது. அக்டோபர் 10 மனநல நாள், அன்னைக்குக் கொடுப்பாங்க. ஏப்ரல்ல யாரு நெனச்சுப் பாக்கிறா

வசந்தா சித்தி: செல்வி, இதோட ஒண்ணு கேட்டுக்கறேன். எதிர்த்த வீட்டுப் பையன் நாலஞ்சு மாசமா ரூம விட்டு வெளிய வர்றதில்ல. அவங்க அம்மா அழுவுறா

செல்வி: 14416-க்கு போன் பண்ணச் சொல்லுங்க சித்தி. டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அந்தம்மாவே பேசலாம், பையன் பேசணும்னு இல்ல.

ராஜாத்தி அத்தை: எல்லாம் சரி. பேரு போடாமக் கொடுங்க. அவங்க புஸ்தகத்துலயோ போர்டுலயோ நம்ம வீட்டுப் பேரு வரக் கூடாது. கவிதாவுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். ஏன் அங்க கொடுத்தாங்க, வீட்ல யாருக்கு என்னன்னு நாலு பேரு நோண்டுவாங்க. மணியால ஏற்கெனவே என் கல்யாணத்தப்ப பட்டதே போதும்

மணி சித்தப்பா: நானும் இந்தக் குரூப்லதான் இருக்கேன் அக்கா

(ராஜாத்தி அத்தை அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது)

மணி சித்தப்பா: படிச்சிட்டேன். பரவால்ல. பேரு போட வேண்டாம். அண்ணனுக்கும் பிடிக்காது

செல்வி: சித்தப்பா 🙏

ராஜாத்தி அத்தை: மணி போன எடு

ராஜாத்தி அத்தை: மணி

அனிதா: (குரல் செய்தி 0:48)

செல்வி: அனிதா சொல்றது சரிதான். எதுக்குக் கொடுக்கணும்னு நாமளே பேசிக்கிட்டிருக்கோம், சித்தப்பாகிட்ட கேக்கல. நீங்க சொல்லுங்க சித்தப்பா.

மணி சித்தப்பா: டைப் பண்ண நேரமாகும். இருங்க

மணி சித்தப்பா: மாத்திரைக்குன்னு கேட்டா யாராச்சும் கொடுத்துடுவாங்க. நான் சாப்பிடற குளோசபினுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கணும். வெள்ளணு குறைஞ்சா ஆபத்து. ஆரம்பத்துல வாராவாரம். மாத்திரை ஓசியில கிடைச்சாலும் அதுக்குப் போக வர பஸ் செலவு, ஒரு நாள் கூலி போகும். அதனாலயே விட்டவங்க இருக்காங்க. விட்டவங்க வீட்டுக்குப் போன் பண்ணி ஏன் வரலன்னு கேக்க ஒரு பொண்ணு இருந்துச்சு. எனக்கு ரெண்டு தடவ பண்ணுச்சு. அந்த மாதிரி ஆளுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லுங்க

மணி சித்தப்பா: என் பங்கு 500. ஆடு வித்தது இருக்கு

முருகேசன்: சித்தப்பா நீங்க எதுக்கு, நான் போட்டுடறேன்

மணி சித்தப்பா: நான் போடுறேன்டா

பிரபு: அப்ப கொடுக்கிறப்ப ஒரு கடிதம் வச்சுடலாம்க்கா. நோயாளிகளோட போக்குவரத்து, ரத்தப் பரிசோதனை, வராதவங்களைக் கூப்பிடற பணியாளர், இதுக்கு ஆகுமான்னு முதல்ல கேப்போம். ஆகாதுன்னா எதுக்குத் தேவையோ அதுக்கே எடுத்துக்கட்டும். நாம கையக் கட்டிப் போட வேண்டாம். போர்டு, விளம்பரம் எதுலயும் பேரு வேண்டாம்னும் எழுதிடறேன். ரசீதுக்கு மட்டும் அவங்கவங்க பேரும் பான் நம்பரும் வேணும், அது வெளிய போகாது. குரூப்ல போடாதீங்க, எனக்குத் தனியா அனுப்புங்க.

செல்வி: நாளைக்கு அண்ணா நகர் மேற்கு விரிவுக்கு நேர்லயே போயிட்டு வந்துடறேன். பிரபு, கடிதத்த இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பு.

மணி சித்தப்பா: எனக்குப் பான் கார்டு இல்ல. ஆதார் போதுமா

பிரபு: போதும் சித்தப்பா

ராஜாத்தி அத்தை: பிரபு எங்க வீட்லேர்ந்து 5,000. மாமா பேருல ரசீது போடு. செல்வி, திவசத்தன்னைக்கு எத்தனை இலை சொல்லணும்? மணிய முந்தின நாளே நான் கார்ல கூட்டிட்டு வந்துடறேன்

வசந்தா சித்தி: இருபத்தஞ்சு இலை சொல்லுங்க மதினி, மிஞ்சினாலும் பரவால்ல