பஃப் அடிச்சும் ஊதுற டெஸ்ட்ல அளவு ஏறல, "குழாய் சுவர் தடிச்சுருச்சு"ன்னா என்ன?

கரட்டுமேட்டான்:
அம்மாவுக்கு 56 வயசு, சின்ன வயசுலேர்ந்தே வீசிங். அப்பா நாப்பது வருஷம் பீடி, அவருக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைபடுற நாள்பட்ட நுரையீரல் நோய்னு சொல்லிட்டாங்க. போன வாரம் ரெண்டு பேருக்கும் ஊதுற டெஸ்ட். அம்மாவுக்கு மருந்து குடுத்துட்டு மறுபடி ஊத சொன்னாங்க, வெளிய ஊதுற காத்து 90 மில்லி தான் கூடுச்சு. டாக்டர் "மூச்சுக்குழாய் சுவரே தடிச்சுருச்சும்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டுட்டார். தடிச்சதுன்னா வீக்கமா, வீக்கம்னா வடியணும்ல? அப்பாவுக்கும் இதே தானா? வீட்ல ரெண்டு பேரும் ஒரே நீல பஃப்ப மாத்தி மாத்தி அடிக்கிறாங்க.

ஊதுங்க_ஊதுங்க:
அந்த டெஸ்ட் எடுக்குற ரூம்ல தான் எனக்கு வேலை, பேர பாத்தாலே தெரியும் 😀 வீக்கம் ஒரு பங்கு தான், அது ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு வடியும். வருஷக்கணக்கா புண்ணாகி ஆறி புண்ணாகி ஆறி, குழாயோட உள்தோலுக்கு அடியில தழும்பு மாதிரி கொலாஜன்ங்கிற நார்ப்புரதம் படியுது, சுத்தி இருக்குற தசை பெருக்குது, சளி சுரக்குற செல்லும் கூடிப்போகுது. வெளிய இருந்து பாத்தா குழாய் அதே சைஸ், உள்ள ஓட்டை தான் சின்னது. ஓட்டை பாதியானா காத்துக்கு தடை ரெண்டு மடங்கு இல்ல, 16 மடங்கு. நீல பஃப் இறுகுன தசைய தளத்தும், அவ்ளோ தான், தழும்ப ஒண்ணும் பண்ணாது. ஆஸ்துமால செத்தவங்க நுரையீரல வெட்டிப் பாத்து சுவர் தடிச்சிருக்குன்னு 1922லயே எழுதிட்டாங்க.

ஆனா ஒண்ணு கேக்கணும், அம்மா அன்னைக்கு காலைல பஃப் அடிச்சுட்டா வந்தாங்க?

நித்யகல்யாணி77:
எனக்கும் ஆஸ்துமா தான். மூச்சு நல்லா இருக்கேன்னு ஸ்டீராய்டு இன்ஹேலர ரெண்டு வருஷம் தூக்கி போட்டுட்டு நீலத்த மட்டும் வச்சு ஓட்டுனேன், ஒருநாள் இருமி இருமி சேமியா மாதிரி வெள்ளையா நூல் நூலா சளி வந்துச்சு பாருங்க, அன்னைக்கு தான் பயமே வந்துச்சு. அப்புறம் படிச்சது, 2011ல இங்கிலாந்து சவுத்தாம்ப்டன்ல லேசான ஆஸ்துமா உள்ளவங்களுக்கு மருந்து குடுத்து வேணும்னே குழாய இறுக வச்சு பாத்துருக்காங்க, அலர்ஜி பொருள் எதுவும் குடுக்காம வெறும் இறுக்கத்துக்கே சில நாள்ல அந்த கொலாஜன் தடிச்சுருக்கு. அதாவது இழுப்பு வந்து போறதே சுவர தடிக்க வைக்குது.

கரட்டுமேட்டான்:
ஐயோ ஆமா, பஸ்ல கஷ்டமா இருக்கும்னு கெளம்பும்போது ரெண்டு தடவ அடிச்சாங்க. அப்பாவ பத்தி யாரும் சொல்லலயே? அவர் மாடி ஏறிட்டு உக்காந்தா உதட்ட குவிச்சு அடுப்பு ஊதுற மாதிரியே ஊதுறார்.

ஊதுங்க_ஊதுங்க:
அத விடாதீங்க, யாரும் சொல்லித் தராமலே அவர் உடம்பு கத்துக்கிட்டது. சிஓபிடில அடி வாங்குறது முக்கியமா 2 மில்லிமீட்டருக்கும் குறைவான கடைசி குழாய்ங்க. அதுல குருத்தெலும்பு கிடையாது, சுத்தி இருக்குற காத்துப்பை சுவருங்க தான் பந்தல் கயிறு மாதிரி நாலா பக்கமும் இழுத்து தொறந்து வச்சிருக்கும். புகை அந்த கயிற அறுத்துருச்சுன்னா மூச்ச விடும்போது குழாய் பொத்துனு அமுங்கிரும், காத்து உள்ளயே மாட்டிக்கும். உதட்ட குவிச்சா உள்ள அழுத்தம் நிக்கும், குழாய் மூடாது. அறுந்த கயிறு திரும்ப முளைக்காது, பீடிய விட்டா மிச்சம் அறுற வேகம் குறையும்.

அம்மா கேஸ்ல 90ஐ வச்சு முடிவு கட்டாதீங்க. 200 மில்லியும் 12 சதவீதமும் ஏறுனா தான் நல்லா ஏறிச்சுன்னு எழுதுவோம், ஏற்கனவே பஃப் போட்டு வந்தா ஏறுறதுக்கு இடமே இருக்காது. நீல பஃப்னா டெஸ்டுக்கு 4லேர்ந்து 6 மணி நேரம் முன்னாடி நிறுத்தணும், வேற இன்ஹேலருக்கு டாக்டர்ட்ட கேட்டுக்கங்க. அப்புறம் ஆளுக்கு ஒரு பஃப் வாங்கிக் குடுங்க சார் முதல்ல.

கரட்டுமேட்டான்:
வியாழக்கிழமை மறுபடி போறோம். "நடுவுல மூச்சு முட்டுனா?"ன்னு அம்மா கேக்குறாங்க.

ஊதுங்க_ஊதுங்க:
முட்டுனா அடிச்சுக்க சொல்லுங்க. டெஸ்ட இன்னொரு நாள் வச்சுக்கலாம்.